மூலை கிழிந்த கடுதாசி

"ஹலோ... ஹலோ... யாரு? ... லோனும் வேணாம், ஒன்னும் வேணாம், வைங்க... என்ன? ... எந்த ஹில்மி? ... ஹில்மி தம்பி நம்பர் இது இல்லியே."

ராஜலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது, இலக்கம் வரும். திரையில் இருந்த இலக்கத்தை அவர் அறியார். குரல் என்னவோ ஹில்மியுடையதுதான். ஆனால் குரலை நம்பி அவர் எழுபத்தெட்டு வயது வரைக்கும் எதையும் செய்தது கிடையாது.

"சரி, நீங்க ஹில்மின்னா சொல்லுங்க. போன செவ்வாக்கெழம எங்கிட்டருந்து என்ன கொண்டு போனீங்க? ... எத்தன? ... ஒன்னுதான். மேல என்ன சீல் அடிச்சிருக்கு? ... நங்கூரம்... ஆமா, ஆமா... சரி, நீங்கதான். நம்பர மாத்துனா முன்னுக்கே ஒரு வார்த்த சொல்றதில்லியா? நான் பாட்டுக்கு வச்சிருப்பேன்."

மகள் சுதர்சினி டவுனுக்கு வேலைக்குப் போயிருந்தாள். அம்பிட்டியவில் அந்த வீட்டில் பகல் முழுக்க அவர் ஒருவர்தான். இருந்தாலும் எழுந்து போய் பின்கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

ஹில்மி அக்குறணையில் மருந்துக் கடை வைத்திருப்பவர். மருந்து விற்பது வயிற்றுக்கு. அவருடைய உயிர் பழைய தபால் உறைகளில் இருந்தது. வெறும் முத்திரையைப் பிய்த்து ஆல்பத்தில் ஒட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. உறை முழுசாக வேண்டும். எந்தப் பிளேனில் வந்தது, எந்தக் கப்பலிலிருந்து போட்டது, வழியில் எவன் சோதித்தான் என்று உறையின் முன்னும் பின்னும் இருக்கிற சீல்களை வைத்தே கதை சொல்லிவிடுவார். கட்டுக்கலையில் ராஜலிங்கம் பழைய பேப்பர் கடை வைத்திருந்த காலத்தில், தோட்டத்து பங்களாக்களிலிருந்து வரும் காகிதக் கட்டுகளில் இருந்து அப்படி எத்தனையோ உறைகளைப் பொறுக்கி அவருக்குக் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது இரண்டு தரம் எண்ணிக் கொடுப்பார். வேண்டாதது திரும்பி வரும்போது மூன்று தரம் எண்ணுவார்.

ஒரேயொரு உறையை மட்டும் இத்தனை வருடமாக அவர் காட்டியதே இல்லை. போன செவ்வாய்க்கிழமைதான் காட்டினார். நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதமாக இரவெல்லாம் இருமல். தான் போனபிறகு சுதர்சினி அதைக் குப்பையோடு கொளுத்திவிடுவாள் என்று பட்டது. கொளுத்தட்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

"பிரிக்கலதானே? ... சத்தியமா? ... ம்... வெலய பத்தி பேசாதீங்க தம்பி. கண்காட்சியும் வேணாம். அது விக்கிற சாமானுமில்ல, காட்டுற சாமானுமில்ல, அன்னைக்கே சொன்னேன்... ஆமா... ஆமா, ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும். நான் கேட்டது ஒன்னே ஒன்னு. அந்த மூல எப்ப போச்சு? தோட்டத்துக்கு வர முந்தியா, வந்த பொறகா? அத மட்டும் சொல்லுங்க."

எண்பது வருடத்துக்கு முந்திய உறை அது. உலகச் சண்டைக் காலத்தில் நேவிக் கப்பலில் நெருப்புப் போடும் வேலைக்குப் போன அரியமுத்து என்கிறவர், மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து தன் பெண்சாதிக்குப் போட்டது. பெண்சாதி பெயர் வேலாயி. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். ராஜலிங்கத்தின் தாய்.

ராஜலிங்கத்தின் தகப்பன் அரியமுத்து இல்லை. பழனியாண்டி. தோட்டத்துத் தப்பால்காரர். பூட்டுப் போட்ட தோல்பையைத் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்து ஆபிசுக்குச் சுமந்து போவார். பையின் சாவி ஆபிசில் இருக்கும். பெரிய கிளாக்கர் பையைத் திறந்து, ஆள்வாரியாகப் பிரித்து, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களின் கடுதாசிகளை மட்டும் திருப்பி அவர் கையில் கொடுப்பார். பழனியாண்டிக்கும் எழுத்துத் தெரியாது. யாருக்கு என்று கிளாக்கர் சொல்வதை மனதில் வைத்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்தக் கடுதாசி வந்த அன்று அதற்கு ஒரு மூலை இல்லை.

சாவுச் செய்தி சொல்லும் கடுதாசியின் ஒரு மூலையைக் கிழித்து அனுப்புவது வழக்கம். கல்யாணக் கடுதாசி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள். வாசிக்கத் தெரியாத சனத்துக்கு மூலைதான் எழுத்து. திருகோணமலைக் கடலில் கப்பல்கள் முழுகிய கதை ஏற்கெனவே தோட்டமெங்கும் பரவியிருந்தது. பழனியாண்டி அதைக் கையை எட்டப் பிடித்தபடி லயத்துக்கு வந்ததுமே, அவர் வாயைத் திறக்கும் முன் பெண்கள் மாரடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. வேலாயி அதைத் தொடவேயில்லை. நேரே பீலிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு தாலியைக் கழற்றினாள். யாரும் பிரிக்கவில்லை, யாரும் வாசிக்கவில்லை. அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். சர்க்கார் சீல் விழுந்ததைக் கிழிக்கப் பயந்து பழனியாண்டி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் வேலாயி அவரோடு குடித்தனம் வந்தாள். அதற்கடுத்த வருடம் ராஜலிங்கம் பிறந்தார்.

"...என்ன, பின்னுக்கா? ... ஆமா, பின்னுக்கு ஒரு வட்ட சீல் இருக்கு. பாதி வட்டம். நான் பாத்திருக்கேன்... அது எங்க அடிச்சது? ... நம்ம ஹுன்னஸ்கிரிய கந்தோர் சீலா? ... வந்து சேந்த அன்னைக்கு அடிக்கிறது... ம்... ம்... மெதுவா சொல்லுங்க, எனக்கு வெளங்கணும். அந்த வட்டம் பாதியில அறுந்திருக்கு. அப்படின்னா அடிக்கிறப்ப மூல முழுசா இருந்திருக்கு... ஆமா... ஆமா. வெளங்குது."

வெளியே எவனோ முச்சக்கர வண்டியை ஸ்டார்ட் பண்ண முயன்று முயன்று பார்த்தான். ராஜலிங்கம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"அப்ப எங்கப்பாதான்."

"...இல்ல தம்பி, எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க? கந்தோர்ல முழுசா இருந்துச்சு. லயத்துக்கு வர்றப்ப மூல இல்ல. நடுவுல அத கையில வச்சிருந்தது யாரு? ... கேட்டதுக்கு பதில் கெடைச்சிருச்சு. போதும். கடுதாசிய திருப்பி கொண்டாந்து குடுங்க... இருக்கட்டும்... என்னா, வயசான மனுசன்னு நெஞ்ச தடவுறீங்களா?"

ஹில்மி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ராஜலிங்கத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. எழுபது வருடத்துக்கும் மேலாக அவர் வாய்க்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. சுற்றிவளைத்துச் சொல்ல அவருக்குத் தெரியாது.

"அந்த அரியமுத்து சாகல தம்பி. நான் பாத்தேன்... ஆமா, நேர்ல. எனக்கு ஆறு வயசு. பீலியில வாளி வச்சுக்கிட்டு நிக்கிறேன். நீலச் சட்ட போட்ட ஆளு, தோள்ல ஒரு பை. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. எங்கம்மா பேரச் சொல்லி, இருக்காளான்னு கேட்டாரு. அது எங்கம்மாதான்னேன். அப்பா பேரு என்னான்னாரு. சொன்னேன்... ரோட்டு மதகுல கொஞ்ச நேரம் குந்தியிருந்தாரு. பொறகு சட்டையிலருந்து ஒரு பொத்தான பிச்சு என் கையில வச்சாரு. பித்தள. நங்கூரம் போட்டது. பஸ் வந்துச்சு, ஏறிப் போய்ட்டாரு."

பொத்தானை முதலில் பார்த்தது பழனியாண்டி. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தந்த ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார். பிறகு மகன் பார்க்கவே அதை ஓடையில் வீசிவிட்டு, அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்றார். ராஜலிங்கம் விடவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவள் சாகும் வரைக்கும்.

ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை வேலாயி அரியமுத்துவுக்கு இலை போட்டாள். சோற்றை உருட்டிக் கூரையில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். அடுத்த காம்பரா வீட்டுக்காரர் வைத்த சோற்றுக்குக் காகங்கள் சண்டை பிடிக்கும். அவள் வைத்ததை ஒரு காகமும் தொடாது. கோபமாக இருக்கிறார் என்று அவள் கூரையைப் பார்த்து அழுவாள். அவர் சாகவில்லை, செத்தவனுக்குத்தானே காகம் வரும் என்பதைத் தெரிந்தவர்கள் அந்த வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். தகப்பனும் மகனும். ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். அவள் போனபிறகு, அவள் கேட்டுக்கொண்டபடி ராஜலிங்கம் அந்த இலையைப் போட்டுவந்தார். முதல் வருடமும் காகம் வரவில்லை. இரண்டாம் வருடம் வந்தது. ஒன்றே ஒன்று. ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுப் போனது. அரியமுத்து எங்கோ செத்துப்போனார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ராஜலிங்கத்துக்கு இருபது வயதான காலத்தில் ஒருநாள் தப்பால் பையின் அடியில் அந்தக் கடுதாசி அகப்பட்டது. மூலையைக் காட்டிக் கேட்டார். "ஆபிசுல குடுக்கிறப்பவே அப்படித்தாண்டா இருந்துச்சு" என்றார் பழனியாண்டி. பொத்தானை வீசிய கை அது. அந்தக் கைக்கு உரியவர் சொன்னதை ராஜலிங்கம் நம்பவில்லை. ஒரு பெண்ணுக்காக ஒரு மூலையைக் கிழித்து, உயிரோடு இருந்தவனைச் சாகடித்துவிட்டார் என்று முடிவு கட்டினார். தகப்பனையே நம்பாதவனுக்கு அதற்குப் பிறகு ஊரில் யாரை நம்ப முடியும்?

"...என்ன? ... இன்னும் ஒன்னு இருக்கா? ... சொல்லுங்களேன், நான் எங்க போகப்போறேன்... எந்த ஆல்பம்? ... யாரோட பேரன்? ... பேராதனையிலயா. அவரு தாத்தா எந்தத் தோட்டத்துல... பெரிய கிளாக்கரா? நம்ம தோட்டத்துலயா?"

ராஜலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆல்பத்துல என்ன? ... முத்திர. பாய்க்கப்பல் படம்... ஊற வச்சு எடுக்கல, ம்... ஒறையோட மூலையோட சேத்து பிச்சு ஒட்டியிருக்காரு. பின்னுக்கு அர வட்டம்... எங்க ஒறையில வச்சு பாத்தீங்களா? ... பொருந்துதா?"

பிறகு அவர் குரல் மாறியது. பழைய பேப்பர் கடையில் தராசுக்கு முன்னால் நின்ற குரல்.

"தம்பி, நீங்க ஒட்டு வேல பாக்கலியே? முழுசா இருந்தா வெல கூடும்னு உங்க ஆளுங்க என்னென்னவோ செய்றாங்கன்னு நீங்கதான் ஒருக்கா சொன்னீங்க... கோவப்படாதீங்க. நான் யாரையும் நம்புற ஆளு இல்ல, அது உங்களுக்கு தெரியும்... நேவிக்காரங்க கடுதாசிக்கு முத்திரையே தேவையில்லன்னு சொன்னதும் நீங்கதான். பொறகு எப்படி இதுல முத்திர வந்துச்சு? ... பிளேன்ல போகணும்னாவா? ... சும்மா போட்டா கப்பல்ல மாசக்கணக்கா கெடக்கும்... ஆமா... சீக்கிரம் போய்ச் சேரணும்னு காசு குடுத்து ஒட்டியிருக்காரு."



"சரி. அந்த மூலைய கையில எடுங்க. இப்ப. எடுத்தாச்சா? ... அதுல வேற என்னா இருக்கு? முத்திரையும் சீலும் இல்லாம... நல்லா பாருங்க... பழுப்பாவா? ... கறையா? ... நேர் கோடா, வளைஞ்சிருக்கா?"

அவர் கை தானாக நாற்காலிச் சட்டத்தில் ஒரு வளைவு போட்டது. அந்த உறையை அவர் அறுபது வருடமாகப் பார்த்து வருகிறார். கிழிந்த இடத்தை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு வில் மாதிரி வளைந்து வந்து, கிழிசலில் முட்டி நின்றுவிடும். பையின் துருப்பிடித்த கொக்கி பட்ட கறை என்றே நினைத்திருந்தார்.

"வச்சுப் பாருங்க... ரெண்டையும் சேத்து வைங்க தம்பி... வட்டமா வருதா? ... எவ்வளவு பெருசு? ... கோப்பையோட அடி அளவுக்கு... ம்."

இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தேத்தண்ணிக் கோப்ப தம்பி அது. பீங்கான் கோப்ப... எப்படி தெரியுமா? எங்கப்பாவுக்கு ஆபிஸ் படிக்கு மேல ஏற உரிமையில்ல. வாசல்ல நின்னு பைய நீட்டுவாரு, வாசல்ல நின்னு கடுதாசிய வாங்குவாரு. அவரு தேத்தண்ணி குடிச்சது செரட்டையில, நின்னுக்கிட்டே. செரட்டைக்கு அடி கெடையாது, அத எங்கயும் வைக்க ஏலாது. லயத்துல அப்ப ஒருத்தருக்கும் பீங்கான் கோப்ப இல்ல... ஆமா. மேசைன்னு ஒன்னு இருந்தது கிளாக்கருக்குத்தான். அவரு மேசையில, அவரு கோப்பைக்கு கீழ கெடந்தப்ப மூல முழுசா இருந்துருக்கு. பொறகு அவரு பிச்சிருக்காரு. பாய்க்கப்பல் அழகா இருந்துச்சாக்கும். லயத்துக்காரி கடுதாசிக்கு மூல எதுக்குன்னு நெனச்சிருப்பாரு."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்தான் அந்தக் கிளாக்கரும். சாவுக் கடுதாசிக்கு மூலை கிழிப்பது அவருக்கும் தெரிந்திருக்கும். முத்திரையைப் பார்த்த கண்ணுக்கு அது ஞாபகம் வரவில்லை.

ராஜலிங்கம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். அந்தப் பக்கம் ஹில்மி பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது நல்லதென்று பட்டது.

"கேளுங்க தம்பி. இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. எழுபத்தி நாலுல, மாவுக்கு கியூவுல நின்ன காலத்துல எங்கப்பா செத்தாரு. ஒரே புள்ள நான்தான். கடைசியா தண்ணி கேட்டாரு, குடுத்தேன். 'மூலைய நான் கிழிக்கலடா'ன்னாரு. 'சரி'ன்னேன். நம்பல. கொள்ளி வைக்க கூப்பிட்டாங்க. நான் தேயில ஸ்டோருக்கு பின்னால போயி நின்னுக்கிட்டேன். எங்கம்மா தேடித் தேடி கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. போகல. சித்தப்பன் மகன்தான் வச்சான். அன்னைலருந்து அவருக்கு நான் ஒரு எல போட்டதில்ல. எங்கம்மாவோட மொதப் புருசனுக்கு போட்டேன், பெத்தவருக்கு போடல."

நிறுத்தினார். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துத் தொடர்ந்தார்.

"பொத்தான வீசுனது அவருதான், அத இல்லன்னு சொல்லல. ஆனா நானும்தான் வாய மூடிக்கிட்டு நின்னேன். அந்த மனுசன் உசிரோட வந்து போனத ரெண்டு பேருமாத்தான் மறச்சோம். அவரு பயத்துல மறச்சாரு. நான் எதுக்கு மறச்சேன்னு எனக்கே தெரியல. அம்மா போயிருவாளோன்னு இருந்திருக்கும். ஆறு வயசு. ஆனா மூலைய அவரு கிழிக்கல. அவரு சொன்னது நெசம். அம்பது வருசமா அவரு அங்க சோறு தண்ணி இல்லாம... கேக்குதா தம்பி? ஹலோ? ... ஹலோ?"

போனைப் பார்த்தார். திரை இருண்டிருந்தது. இணைப்பு எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. கோப்பைப் பேச்சிலேயே அறுந்ததா, கொள்ளிப் பேச்சிலா? அவ்வளவு நேரமும் அதை யார் கேட்டுக்கொண்டிருந்தது?

பின்கதவு கொண்டி போட்டபடியே இருந்தது. போய் ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுபடி மணி அடித்தது. அதே புது இலக்கம். மூன்று தரம் அடிக்க விட்டு எடுத்தார்.

"ஹலோ... ஆமா, கட்டாகிருச்சு... மலைப்பக்கம்ல, அப்படித்தான்... எது வரைக்கும் கேட்டுச்சு? ... மேச வரைக்கும்... இல்ல. அதுக்குப் பொறகு நான் ஒன்னும் சொல்லல."

ஹில்மி விடவில்லை போலிருக்கிறது. ராஜலிங்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி, பிரிக்காதீங்க... உள்ள என்னா இருக்குன்னு எனக்கும் ஆசதான். ஆனா மேல பேரு போட்டிருக்கிற எங்கம்மா இப்ப இல்ல. அடுத்தவங்க கடுதாசிய எங்கப்பா ஒருநாளும் பிரிச்சதில்ல. நான் தப்பால்காரன் மகன்... ஆமா, மூலைய அது இருந்த எடத்துல ஒட்டுங்க. கோப்பக் கறை வட்டமா வரணும்... எப்ப கொண்டாறீங்க? ... தபால்ல மட்டும் போட்றாதீங்க. கையில கொண்டாங்க... ஆடி அமாவாசைக்கு முந்தி. அன்னைக்கு எனக்கு வேல இருக்கு, ரெண்டு எல போடணும்... ஆமா, ரெண்டு. ஒன்னு வழமையா போடுறது."

மற்றது யாருக்கு என்று ஹில்மி கேட்டிருக்க வேண்டும். ராஜலிங்கம் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.